ஒரே வயலினில் இத்தனை குரல்கள் எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், டி மைனர் என்ற சுர அமைப்பில் இயற்றிய பார்ட்டிட்டாவில் (நடன இசைத் தொகுப்பு) கடைசியாக வரும் சக்கோன் பகுதியை நேற்றிரவு கேட்டபோது, பின்னால் இன்னொருவரும் வாசிக்கிறார் என்றே நினைத்தேன்; இசைத்தட்டின் உறையைப் புரட்டினால் ஒரே ஒரு கலைஞரின் பெயர்தான் இருக்கிறது. நான்கு தந்திகளில் இது எப்படிச் சாத்தியமாகிறது? மனைவியின் மறைவை எண்ணி பாக் இதை எழுதினார் என்பது உண்மையா?

மறுமொழி 1:
வயலினின் குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) வளைவாக இருப்பதால், வில்லால் ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளைத்தான் நீடித்து ஒலிக்கச் செய்ய முடியும். நான்கு சுரங்கள் அடுக்கி எழுதப்பட்ட இடங்களில், வில் கீழ்த்தந்திகள் இரண்டைத் தொட்டுவிட்டு மேல்தந்திகளுக்குச் சாய்கிறது. விட்டுப்போன கீழ்ச்சுரத்தை நம் காதே பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்களுக்குக் கேட்ட அந்த இரண்டாமவர் இப்படிப் பிறந்தவர்தாம். நடுவில் டி மேஜர் என்ற வேறு சுர அமைப்புக்கு மாறும் இடத்தை மட்டும் தனியாக ஒருமுறை கேளுங்கள், நண்பரே.

மறுமொழி 2:
மனைவி பற்றிய கதைக்குச் சான்றில்லை. 1720 ஜூலையில் மனைவி மரியா பார்பரா இறந்தபோது பாக், தாம் பணிபுரிந்த கோத்தன் இளவரசருடன் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் இருந்தார் என்பதும், தனி வயலினுக்கான ஆறு படைப்புகளின் கைப்பிரதியில் அதே ஆண்டு குறிக்கப்பட்டிருப்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டது பிற்கால ஊகம்.

மறுமொழி 3:
பிற்கால இசையமைப்பாளர் பிராம்ஸ் இதே சக்கோனைப் பியானோவுக்கு மாற்றியபோது, பத்து விரல்கள் இருந்தும், இடக்கை மட்டுமே வாசிக்கும்படி அமைத்தார். வயலின் கலைஞரின் நெருக்கடி அதில் அப்படியே தெரியும்.