கலைச்சொல் உதவி: சஸ்பெண்டட் கார்டு – ‘தொங்கு நாண்’ சரியா?

> யுகுலேலி (கிட்டார் போன்ற நான்கு தந்திச் சிறு கருவி) கையேட்டில் சஸ்பெண்டட் கார்டுக்குத் ‘தொங்கு நாண்’ என்று போட்டிருக்கிறேன். ‘இடைநிறுத்த நாண்’ என்று இன்னொருவர் சொல்கிறார். எது நல்லது?

வணக்கம் ஐயா,

இரண்டும் வேண்டாம். முதலில் நாணை விடுங்கள். அது வடிவியலுக்குச் சரி. இசையில் வரும் கார்டு, அதாவது சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது, ‘அக்கார்ட்’ என்பதன் தேய்வு. ஒத்துப்போவது என்று பொருள். தந்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு குழம்பி, பிற்பாடு ஆங்கிலத்தில் எழுத்து மாறிவிட்டது. அந்தக் குழப்பத்தை நாமும் சுமப்பானேன்? ‘சுரக்கூட்டு’ போதும். மூன்று சுரம் என்றால் முச்சுரக் கூட்டு.

‘இடைநிறுத்தம்’ என்றாலே ஆபீஸ் வாடை அடிக்கிறது. ‘தொங்கு’வுக்கு, யுகுலேலியையே எடுத்துப் பாருங்கள். ஜி-சி-இ-ஏ சுருதியில் சி மேஜர் 0003 (தந்தி வரிசையில் விரல் வைக்கும் ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்குக் கட்டின் எண்): ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், மற்றவை வெறும் தந்தி. அந்த விரலை எடுக்காமலே ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வையுங்கள். 0013, அதாவது சி சஸ்4 (சஸ்பெண்டட் என்பதன் சுருக்கம் சஸ்; 4 என்பது நான்காம் சுரம், மத்தியமம்). நம் கணக்கில் ச-க-ப, ச-ம-ப ஆகிவிட்டது. மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது காந்தாரம்தான். அந்தரமானால் மேஜர், சாதாரணமானால் மைனர். அதைத் தூக்கிவிட்டதால் கூட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆள்காட்டி விரலை எடுத்ததும் மத்தியமம் அரைச்சுரம் இறங்கிக் காந்தாரத்தில் சேரும். இதில் எங்கே தொங்கல்?

பழைய ஐரோப்பிய இசையில் இது ஒரு நிகழ்வு. கூட்டு மாறிய பிறகும் முந்தைய கூட்டின் சுரம் ஒன்று நகராமல் தங்கி, பிறகுதான் ஒரு படி இறங்கும். அதனால் ‘தங்கு கூட்டு’ என்கிறேன். பாட்டுத்தாளில் சி தங்கு4, சி தங்கு2 என்று சுருக்கமாகவும் எழுதலாம். தங்கு2-இல் காந்தாரத்துக்குப் பதில் நிற்பது ரிஷபம்; அது காந்தாரத்துக்கு ஏறியாக வேண்டும். மரபில் தங்கிய சுரம் பெரும்பாலும் இறங்கும். ஆகவே அங்கே பெயர் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்திலும் அதே இடிதான்.

> இன்றைய பாட்டுகளில் எதுவும் தங்குவதில்லையே. சஸ் நேராகவே வந்து நிற்கிறது, இறங்காமலும் போகிறது. மத்தியமத்துக்கு உழை, ரிஷபத்துக்குத் துத்தம் என்று நமக்கே பெயர் இருக்கும்போது ‘உழைக்கூட்டு’, ‘துத்தக்கூட்டு’ என்றால் என்ன?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் 0203 வாசித்துப் பாருங்கள். சி ஆட்9, அதாவது சி மேஜரோடு ரிஷபமும் சேர்ந்தது. அதிலும் துத்தம் உண்டு, கூடவே கைக்கிளையும் (காந்தாரம்) உண்டு. ‘துத்தக்கூட்டு’ என்றால் இதைச் சொல்கிறோமா, கைக்கிளை இல்லாத 0233-ஐயா? துத்தம் வந்தது மட்டும் போதாது, கைக்கிளை போனதும் பெயரில் தெரிய வேண்டும். ‘தங்கு’ என்பதற்கு அந்த வரையறையைக் கொடுத்துவிடலாம். முன்கூட்டிலிருந்து வந்து தங்கும் பழைய நிகழ்வுக்குத் ‘தங்கல்’ என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, கையேட்டுக்காரர் கவனிக்க வேண்டியது. அதே 0233, ஜி தங்கு4-உம் ஆகும். சி, டி, ஜி மூன்றும்தானே இரண்டிலும். 2200-உம் அப்படித்தான்: டி தங்கு2 என்றும் சொல்லலாம், ஏ தங்கு4 என்றும் சொல்லலாம். கிட்டாரில் அடித்தந்தி ஓரளவு வழி காட்டும். யுகுலேலியில் ஜி தந்தியே மேல் ஸ்தாயியில் கட்டியிருப்பதால் அந்த உதவி குறைவு. அடுத்து வருவதை வைத்துத்தான் தெரியும்: ஏ தந்தி விரல் ஒரு ஃப்ரெட் இறங்கி 0232 ஆனால் ஜி, 0003-க்குப் போனால் சி. எனவே ஒரு விரல்படத்துக்குக் கீழே இரண்டு பெயரும் போடுங்கள். ‘சஸ்’ என்பதையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். பிள்ளைகள் இணையத்தில் பாட்டுத்தாள் தேடும்போது அதுதான் கண்ணில் படும்.