பொருள்: கலைச்சொல் – தூண்டில் போட்டி: 'முறைகேட்டுப் பிடி' வேண்டாம், 'புறக்கொளுவல்' வைப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டுச் சொற்பட்டியலின் தூண்டில் போட்டிப் பகுதிக்கு வந்த பரிந்துரைகளைப் படித்தேன். பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> ஃபவுல் ஹூக்டு – முறைகேட்டுப் பிடி. கால்பந்துப் பகுதியில் ஃபவுலுக்கு முறைகேடு என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். இங்கும் அதுவே இருக்கட்டும்.

கால்பந்தில் ஃபவுல் என்பது ஆட்டக்காரர் செய்கிற தப்பு. நடுவர் ஊதுவார், தண்டனை உண்டு. தூண்டில் போட்டியில் அந்தச் சொல் முள் எங்கே ஏறியது என்பதை மட்டும்தான் சொல்கிறது. வாயில் ஏறாமல் செட்டையிலோ வயிற்றிலோ வாலடியிலோ ஏறிவிட்டது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் கெண்டை விட்டு வளர்க்கும் போட்டிக் குளங்களில் இது அன்றாடம் நடப்பது. அதற்காக யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சொல் இதிலிருந்துதான் வர வேண்டும். போட்டியாளர் 13 மீட்டர் நீளக் கழியை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நுனியில் நூல், தக்கை, முள், முள்ளில் ஒரு தீனி உருண்டை. பக்கத்தில் தூவிய தீனிக்கு மீன் கூடுகிறது. விழுகிற தீனியைப் பாதி வழியிலேயே வாங்கிக்கொள்ள அடியை விட்டு மேலே எழும்புகிறது. ஒரு கெண்டையின் செட்டை நூலில் உரசுகிறது, தக்கை முழுகுகிறது. கொத்திவிட்டது என்று அவர் சுண்டுகிறார். முள் செட்டையடியில் ஏறுகிறது. வாயில் மாட்டிய மீன் என்றால் தலையைத் திருப்பி வழிக்குக் கொண்டுவரலாம். இதை அப்படித் திருப்ப முடியாது. கழிக்குள் இருக்கும் ரப்பர் இழை மீட்டர் கணக்கில் வெளியே ஓட, மீன் தறிகெட்டுப் பாய்கிறது. பல நேரம் முள் பிய்த்துக்கொண்டு திரும்பிவிடும். அதன் நுனியில் காசு அகலத்துக்கு ஒரு செதில் குத்தியிருக்கும். அந்தச் செதிலைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவருக்கு விளங்கிவிடும்: மீன் மேலே நிற்கிறது, தக்கையை இறக்கி ஆழத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தீனியைக் குறைக்க வேண்டும்.

ஆக, இதில் நஷ்டப்படுகிறவர் அந்தப் போட்டியாளர்தான். நேரம் போகிறது, மீன் போகிறது, சில சமயம் முள்ளும் நூலும் சேர்ந்தே போகின்றன. தப்பித்தவறி அப்படி ஒரு மீன் கைக்கு வந்துவிட்டால், அங்கே பெரும்பாலான குளப் போட்டிகளில், வெற்றியைத் தீர்மானிக்கும் மொத்த எடையில் அதுவும் சேரும். நம் பரிந்துரையை ஏற்றால் 'முறைகேட்டுப் பிடியும் எடையில் சேர்க்கப்படும்' என்று விதியை எழுத வேண்டி வரும். அதைப் படிக்கிறவர் இந்த விளையாட்டைப் பற்றி என்ன நினைப்பார்? நேர்மையாக ஆடுகிறவரை நம் சொல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். எனக்கு இதில் சமாதானமே இல்லை.

உண்மையான குற்றம் வேறு. மீன் கொத்தக் காத்திருக்காமல், கூட்டத்துக்குள் முள்ளை விட்டு வேண்டுமென்றே வெட்டி இழுத்து உடலில் ஏற்றுவது. அதைச் செய்யும் கருவிக்கு அங்கே ஸ்னாட்ச் என்று பெயர். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 1975ஆம் ஆண்டின் சால்மன், நன்னீர் மீன்பிடிச் சட்டம் முதல் பிரிவிலேயே ஈட்டி, சுருக்குக் கண்ணி, விளக்கு வெளிச்சம் இவற்றோடு ஸ்னாட்சையும் சேர்த்துத் தடை செய்கிறது. இதில் பிடிபட்டால் போட்டியிலிருந்து விலக்குவதோடு முடியாது, வழக்கும் வரும். இந்தச் செயலுக்குக் 'கொக்கிப் பறிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். சங்கிலிப் பறிப்பு என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். பறிப்பு என்றாலே தெரிந்து செய்தது என்று யாருக்கும் படும்.

முறைகேடு என்ற சொல்லையும் வீணாக்க வேண்டாம், அதற்குரிய இடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த வால்ஐ என்ற நன்னீர் மீனுக்கான ஒரு போட்டியில், எடை போட்ட மீன்களைப் போட்டி நடத்துநர் எல்லார் முன்னிலையிலும் கத்தியால் கீறினார். எடையைக் கூட்ட அடைத்திருந்த ஈயக் குண்டுகள் வயிற்றிலிருந்து விழுந்தன. இருவர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதுதான் முறைகேடு. அதையும் தற்செயலாகச் செட்டையில் முள் ஏறியதையும் ஒரே சொல்லால் நாம் எப்படிக் குறிப்பது?

சரி, அந்தத் தற்செயலுக்கு என்ன சொல்? இரண்டு பரிந்துரைகள் மிச்சம் இருக்கின்றன.

> புறப்பிடி. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

> புறக்கொளுவல். கொளுவுவது எங்கள் ஊரில் அன்றாடம் புழங்கும் சொல்தான்.

புறப்பிடி நாக்கில் சுலபமாக வருகிறது. ஆனால் போட்டி முடியும் நேரத்து விதியை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. கடைசி ஊதல் கேட்கும்போது மீன் முள்ளில் இருக்கிறது, இன்னும் வலைக்கு வரவில்லை. இந்த மீன் சேருமா? சில போட்டிகளில் சேரும், ஊதலுக்கு முன் முள்ளில் ஏறியிருந்தால் வெளியே கொண்டுவரக் குறிப்பிட்ட நிமிடங்கள் தருவார்கள். உலகப் போட்டியில் ஊதும் நொடியில் மீன் நீரை விட்டு மேலே வந்திருக்க வேண்டும். ஆக, முள்ளில் ஏறுவது ஒரு நிலை, கைக்கு வருவது இன்னொரு நிலை. வெற்றி தோல்வியே இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிற நேரம் அது. இரண்டையும் 'பிடி' என்றால் விதி குழம்பும், கரையில் சண்டைதான் வரும். எனவே முள்ளில் ஏறுவதற்குக் 'கொளுவல்', கைக்கு வந்ததற்குப் 'பிடி' என்று பிரித்து வைப்போம். 'வாய்க்கொளுவல்', 'புறக்கொளுவல்' இரண்டும் அதிலிருந்து தாமாக வந்துவிடுகின்றன. கொளுவல் தமிழ்நாட்டு வாசகர் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அது செய்யுள் சொல் அல்ல, யாழ்ப்பாணத்தில் கதவைக் கொளுவுகிறார்கள். 'மாட்டு' என்று வைத்தால் பெயர்ச்சொல்லாகும்போது மாட்டு வண்டி நினைவுக்கு வந்து நிற்கும்.

விதி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'தற்செயலான புறக்கொளுவலில் பிடிபட்ட மீன் எடையில் சேரும். கொக்கிப் பறிப்பில் ஈடுபட்டவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.' யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், பிடித்த மீனை எடை போடும்வரை தண்ணீரிலேயே வைத்திருக்கும் கீப்நெட் வலைக்குப் 'பறி' (மீன் போடும் கூடை) என்ற பரிந்துரை. நல்ல பழைய சொல்தான், ஆனால் பறியில் போட்ட மீன் வீட்டுக் குழம்புக்குப் போகும். இந்த வலையில் போடும் மீன் உயிரோடு இருந்து, எடை போட்டதும் அதே தண்ணீருக்குத் திரும்பும். இங்கிலாந்தில் இதற்கென்றே சட்ட அளவுகள் உண்டு. நீளம் குறைந்தது 2 மீட்டர், முடிச்சில்லாத பின்னல், உலோகக் கம்பி கூடாது, கண்ணியின் உட்சுற்றளவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எல்லாமே செதிலும் செட்டையும் கிழியாமல் இருப்பதற்காக. 'காப்பு வலை' என்றே வைப்போம். எடை போடும் காட்சியும் இதற்குத் துணை நிற்கிறது. முக்காலியில் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டு எடையாளர் ஒவ்வொருவராக வருவார். போட்டியாளர் வலையின் அடியைத் தூக்கி மீனை ஈரத் தொட்டிலுக்குள் சரிப்பார். பக்கத்து ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணைத் தாளில் எழுதியதும் மீன் தண்ணீருக்குள் போய்விடும். மீன் போய்விட்ட பிறகு திரும்ப எடை போட வழியில்லை என்பதால், அந்த ஒரு நிமிடம் எல்லார் கண் முன்னாலும் நடக்க வேண்டும்.

ஒரு காப்பு வலைக்குள் இத்தனை பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற வரம்பு பல குளங்களில் உண்டு. மீன் நெரிசலில் சாகாமல் இருப்பதற்காக. வரம்பு 50 என்றால் 58 வந்தாலும் 50தான் எழுதுவார்கள். அதனால் ஒவ்வொரு மீனையும் கண்ணால் எடை போட்டுக் கையிலிருக்கும் எண்ணியில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். 'வலை உச்சவரம்பு' இதற்குப் போதும். நில உச்சவரம்பு கேட்டுப் பழகிய காது நமக்கு.

மற்றவை சுருக்கமாக: பெக் (போட்டியாளருக்கு ஒதுக்கும் கரையிடம்) – துறை. டிரா – குலுக்கல். ஆல் இன், ஆல் அவுட் – தொடக்க ஊதல், நிறுத்த ஊதல். 'கோர்ஸ்' மீனைக் கரட்டு மீன் என்று ஆக்க வேண்டாம், அதில் கரடு எதுவும் இல்லை. சால்மன், டிரவுட் நீங்கலான நன்னீர் மீன்களை அங்கே அப்படிப் பிரித்து வைத்தார்கள். கோர்ஸ் மீன் என்றே போட்டு ஒரு வரி விளக்கம் தரலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மீன் கொத்தாமல் உடம்பு நூலில் பட்டுத் தக்கை அசைவதற்கு அவர்கள் லைன் பைட் என்கிறார்கள். 'நூலுரசல்' எழுதிப் பார்த்தேன், ஆனால் தக்கை அசைவதும் அதில் தெரிய வேண்டும். குமரி, இராமநாதபுரம், யாழ்ப்பாணம் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருப்பார்கள். தெரிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள், அதைச் சேர்த்துவிட்டுப் பகுதியை முடித்துவிடலாம்.