ஜோகூரும் சிங்கப்பூரும்: உள்ளாட்சி அளவில் கைகோக்க வழி உண்டா?

உட்லண்ட்ஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூக மன்ற வாசகர் வட்டத்தில் எல்லை கடந்த வட்டார வளர்ச்சி பற்றிப் பேசும் பொறுப்பு இம்முறை என் தலையில் விழுந்திருக்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து எல்லையோர ஊர்கள் 1958ஆம் ஆண்டிலேயே 'யூரேஜியோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின என்றும், 2006ஆம் ஆண்டில் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிமுறைக்குப் பிறகு இரு நாட்டு உள்ளாட்சிகள் சேர்ந்து சட்டத் தகுதியுள்ள ஒரே அமைப்பைப் பதிவு செய்துகொள்ள முடியும் என்றும் படித்தேன். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்தானியா பொது மருத்துவமனை அப்படி அமைந்ததுதான். என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாரு நகர அடுக்குமாடிகள் தெரிகின்றன. ஆனால் நம் நகர மன்றமும் அங்குள்ள மாநகர் மன்றமும் ஒரே மேசையில் அமர்ந்து எதையேனும் தீர்மானித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் அதற்கு இடம் தருமா?

பழையகோப்பு:
நகர மன்றங்களை உள்ளாட்சி என்று எண்ணிக் கேட்டால் விடை கிடைக்காது. 1989 முதல் இயங்கிவரும் அம்மன்றங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளின் பொது இடங்களைப் பராமரிப்பவை. நிலமும் நீரும் போக்குவரத்தும் அவற்றின் கையில் இல்லை. ஆனால் நம்மிடம் உண்மையான உள்ளாட்சி இருந்த காலத்தில் அது எல்லை தாண்டி ஒப்பந்தம் செய்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1927ஆம் ஆண்டின் தண்ணீர் ஒப்பந்தத்தில் ஜோகூர் சுல்தானுக்கு எதிர்ப்பக்கம் கையொப்பமிட்டவர்கள் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்கள். இன்றும் நடப்பிலுள்ள 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம்கூட ஜோகூர் மாநில அரசுக்கும் சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்துக்கும் இடையே ஏற்பட்டதுதான். நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 காசு, 2061 வரை செல்லுபடி என்ற விதிகளை எல்லோரும் சொல்வார்கள். யார் யாரோடு கையெழுத்திட்டார்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. 1965ஆம் ஆண்டின் பிரிவினை உடன்பாட்டில் மலேசிய அரசாங்கம் அதற்கு உத்தரவாதம் அளித்த பிறகு, இரண்டு ஊர்களின் குடிநீர் விவகாரம் இரண்டு நாடுகளின் விவகாரமாக உயர்ந்துவிட்டது. உயர்ந்ததா சிக்கியதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

தெப்ராவ்காரன்:
ஐயா சொன்னதற்கு ஜோகூர்க் கரையிலிருந்து ஒரு துணைக்குறிப்பு. மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளன. குடிநுழைவு, சுங்கம், வருமான வரி ஆகியவை கூட்டரசின் கையில் உள்ளன. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டதால், மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே சிங்கப்பூரில் ஒரே அமைச்சு முடிவெடுக்கும் விஷயத்துக்கு இங்கே மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். மண்டலத்தின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 வேலைகள் என்பது இலக்கு. இவையெல்லாம் முதலீட்டாளருக்கான பேச்சு. நாள்தோறும் விடியுமுன் கடற்பாலத்தைக் கடக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில்தான் பெரிய மாற்றம், ஏனெனில் புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். அதை முடிவு செய்தவை இரு அரசாங்கங்கள். ஆனால் ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லக்கூடிய அந்த ரயிலிலிருந்து புக்கிட் சாகாரில் இறங்கும் கூட்டம் எந்த நடைபாதையில் நடக்கும், வண்டியை எங்கே நிறுத்தும் என்பதெல்லாம் மாநகர் மன்றத்தின் தலைவலி. அக்கா கேட்ட மேசை அங்கேதான் தேவைப்படுகிறது.

பாத்தாம்பயணி:
இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் உள்ள பாத்தாமை விட்டுவிட்டீர்களே! சிங்கப்பூர், ஜோகூர், ரியாவ் வளர்ச்சி முக்கோணத்தை 1989ஆம் ஆண்டில் அப்போதைய முதல் துணைப் பிரதமர் கோ சோக் டோங் முன்மொழிந்தார். நடைமுறையில் அது சிங்கப்பூரோடு தனித்தனியே இணைந்த இரண்டு கோடுகளாகவே வளர்ந்தது. ஜோகூருக்கும் ரியாவுக்கும் இடையிலான மூன்றாவது கோடு மெலிந்தே கிடந்தது. பாத்தாமிலும் மேம்பாட்டு ஆணையம், நகர அரசு என இரட்டை அதிகாரம் நெடுங்காலம் உரசிக்கொண்டிருந்து, 2019ஆம் ஆண்டில்தான் நகர மேயரே ஆணையத்தின் தலைவராகவும் இருப்பார் என்று இந்தோனேசிய அரசு விதித்தது.

உட்லண்ட்ஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. ஐரோப்பாவைக் காட்டித் தொடங்கலாம் என்றிருந்தேன். இப்போது 1927லிருந்து தொடங்கப் போகிறேன். தம்பி சொன்ன நடைபாதையோடு ஆற்று மாசையும் சேர்த்துக்கொள்வேன். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டபோது, நீரிணைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் செய்தியில்தான் தெரிந்துகொண்டோம். சுற்றுச்சூழலுக்கு இரு நாட்டுக் கூட்டுக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது அல்லவா? அதில் ஜோகூர் மாநில அதிகாரிகளுக்கு இடம் உண்டா என்று பழையகோப்பு ஐயா பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.