மறு: ‘ஒளித்தூண்டல் மருந்துக் கடத்தி’ சரிதானா?

> ஒளித்தூண்டல் நுண்மருந்துக் கடத்தி என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

தண்ணீரில் கரையாத மருந்தைச் சுமந்து போய், ஒளி பட்டதும் வெளியே விடும் நானோ அளவுத் துகளுக்கு அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. ‘மருந்துக் கடத்தி’ என்றதும் விமான நிலையத்தில் பிடிபட்ட ஆள்தான் நினைவுக்கு வருகிறான். அதை விட்டாலும், கடத்தி, குறைகடத்தி, மின்தூண்டல் எல்லாம் இயற்பியலில் குடியேறி வெகு நாளாகிறது. ‘நுண்’ணோ மைக்ரோவுக்குப் போய்விட்டது.

பெயரைவிட்டுப் பொருளைப் பார்ப்போம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் டம்ளர் அடியில் வண்டலாகத் தங்கும். காய்ந்த எண்ணெயில் போட்டால் எண்ணெயே மஞ்சளாகிவிடும். அதிலுள்ள குர்குமின் தண்ணீரோடு சேராத சாதி. புற்றுநோய்க்குத் தரும் பாக்லிடாக்செலும் அப்படித்தான். ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கரைத்து ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. அப்புறம் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் அளவுத் துகளாக்கினார்கள். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆக, மூட்டை கட்டப் பழகிவிட்டோம். வேண்டிய இடத்தில் அவிழ்ப்பதுதான் புதிது. உறையில் சேர்க்கும் அசோபென்சீன் என்ற மூலக்கூறு புறஊதா ஒளி பட்டதும் மடங்கி வழிவிடும், ஆனால் அந்த ஒளி தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. தங்க நானோதண்டுகள் அதைவிட ஆழம் போகும் 700–900 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கிச் சூடாகும், சுற்றியுள்ள உறை இளகும், மருந்து வெளியே வரும். வழி எதுவானாலும் கட்டு அவிழ்கிறது. எனவே என் பரிந்துரை: ஒளியவிழ் நானோபொதி. பொதிமாடு, கட்டுச்சோற்றுப் பொதி என்று பழகிய சொல்தானே. ‘பொதி அவிழ்ந்தது’, ‘அவிழ்நேரம்’ என்று வினையாகவும் கிளைக்கும். ‘கடத்தி’யை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

கண் மருத்துவத்தில் வரும் வெர்டிபோர்ஃபினை இதில் சேர்க்க வேண்டாம். அந்த மருந்தும் லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில்தான் போகிறது, 689 நானோமீட்டர் ஒளியும் அடிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒளி முடுக்குவது மருந்தை, பொதியை அவிழ்ப்பதில்லை. ‘ஒளித்தூண்டல்’ என்றால் இரண்டும் ஒன்றாகக் குழம்பும்.

ஒரு சிக்கல் உண்டு. ‘மணம் அவிழ்’ போல ஒளியை வீசும் பொதி என்று யாரேனும் படிக்கலாம். ‘ஒளிதிறப் பொதி’ என்று மாற்றிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை.

கரையாத மருந்துக்கு ‘அருங்கரை மருந்து’ என்று எழுதி வைத்திருந்தேன். வீட்டில் மகள் படித்துவிட்டு, “எந்த ஆத்தங்கரைப்பா?” என்றாள். சரி, ‘அரிதில் கரையும் மருந்து’ என்றே இருக்கட்டும்.