மறு: சாதனத் தொடக்கம் தோற்றால் துப்புரவு யார் பொறுப்பு? ஒரு சொல் வேண்டும்

அன்பின் ஐயா, தங்கச்சி, மற்ற நண்பர்களுக்கு,

சனிக்கிழமை வெள்ளவத்தை வகுப்புக்குக் குறிப்பு கொடுக்க வேண்டும், அதுதான் அவசரம். சாதனத் தொடக்கம் தோற்றால், அதற்குள் எடுத்த நினைவகம் போன்ற வளங்களைத் திருப்பி விடும் வேலையை ஆங்கிலத்தில் "கிளீனப்" என்பர்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். போன வாரம் பலகையில் அதை "துப்புரவு" என்று எழுதினேன். பின்வாங்கில் இருந்த பையன் எழும்பி, "சேர், துப்புரவாக்க ஆர் வருவினம்?" என்று கேட்டான். சொல்லின் குறை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், சாதனத்தைத் தொடக்கும் புரோப் என்ற செயற்கூறு பாதியில் தோற்றால், சாதனம் நீங்கும்போது எடுத்தவற்றை விடும் ரிமூவ் அழைக்கப்படாது. பின்னால் ஒருவரும் வரமாட்டார்கள். நினைவகத்தை எடுத்து, அதன்பின் இன்டரப்டையும் (சாதனம் செயலியைக் கூப்பிடும் வழி) எடுத்திருந்தால், முதலில் இன்டரப்டை விட்டு, அப்புறம் நினைவகத்தையும் விட்டுத்தான் எடுத்தவர் வெளியேற வேண்டும்.

ஐயா, உங்கள் மூன்று மடல்களையும் ஆறுதலாகப் படித்தேன். "துப்புரவு இல்லார்" என்னும் 1050ஆம் குறளில் அது நுகர்பொருளைக் குறிக்கிறது என்பது சரி. ஆனால் அந்தப் பொருளில் துப்புரவு என்பதே வளம் அல்லவா? வளத்துக்கும் அதை விடுவதற்கும் ஒரே சொல்லா? மாற்றாக வந்த "பற்றறுப்பு" நல்ல தமிழ்தான். உயர்தரப் பிள்ளைக்கு அதைக் கேட்டதும் கோயில் பிரசங்கம்தான் நினைவுக்கு வரும்.

லினக்ஸின் டெவ்எம் வசதி இருக்கும்போது சொல்லே தேவையில்லை, "கிளீனப்" என்றே விடலாம் என்கிறார் தங்கச்சி. 2007இல் 2.6.21 பதிப்போடு வந்த அந்த வசதி, புரோப் தோற்றால் தன் கணக்கில் உள்ளவற்றைத் தானே விடுவிக்கும், உண்மை. சாதனத்தை லினக்ஸில் பதியும் டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்ற இடத்திலோ நாம்தான் பார்க்க வேண்டும். அங்கே நினைவகத்தை நேரே விடுவிக்கும் கேஃப்ரீ போட்டு அழிக்கவே கூடாது. அந்தச் சாதனத்தை வேறு யாராவது பிடித்திருக்கலாம். புட்_டிவைஸ் அழைத்து நம் பிடியை மட்டும் விட வேண்டும். கடைசிப் பிடி விட்டதும் அது தானாக அழியும். அழிப்பது வேறு, பிடியை விடுவது வேறு என்பதைக் "கிளீனப்" காட்டாது.

ஆகவே என் முன்மொழிவு: எடுப்பது பிடித்தல், விடுவது பிடிவிடல். பொறுப்பு, பிடிவிடற்பொறுப்பு. அந்தப் புணர்ச்சி மாணவர் கண்ணுக்குக் கடினமென்றால் "பிடிவிடும் பொறுப்பு" என்று பெயரெச்சமாகவே எழுதுவோம். இரண்டும் எனக்குச் சம்மதம்.

(கணனியா கணினியா என்ற வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம், தயவுசெய்து. நான் கணனி என்று படித்தவன். குறிப்பில் கணினி என்றே எழுதியிருக்கிறேன்.)

நாலு பேர் பிடிவிடலுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். ஐயா இன்னும் சொல்லவில்லை. வெள்ளி இரவு வரை அந்தச் சொல் பென்சிலில்தான் இருக்கும்.