வேலை, பிள்ளை, வயல் எல்லாவற்றோடும் மாதம் ஒரு தடவையாவது டீ அன்ட் டீ விளையாடுவது எப்படி?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

எல்லோருக்கும் வணக்கம். டீ அன்ட் டீ (டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்) மாதிரி, மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகித் தாயக்கட்டை உருட்டிக் கதை விளையாடும் டேபிள்டொப் ஆட்கள் சிலர் இங்கே இருப்பது பழைய பதிவுகளில் தெரிந்தது, அதனால் நேரே கேட்கிறேன்.

நாங்கள் ஆறு பேர், நான்தான் டன்ஜன் மாஸ்டர் (டீஎம்), அதாவது கதையை நடத்துகிறவன். வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த காலத்தில் தொற்றிய பழக்கம். விடுதியில் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும், சோதனைக் காலத்தில்கூட நிற்காது. இப்போது நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் தாதி, ரோஸ்டர் கைக்கு வரும்வரை அவளுக்கே தன் மாதம் தெரியாது. ஒருவன் வங்கியில், மாதக் கடைசியில் அவனைத் தேடவே கூடாது. ஒருவர் வாத்தியார், சனி ஞாயிறு முழுக்க டியூஷன். ஒருவன் படுவான்கரையில் வயல் செய்கிறான். கடைசி ஆள் கல்யாணம் முடித்துக் கல்முனைக்குப் போய்விட்டான்.

வாட்ஸ்அப் குறூப்பில் "இந்த மாதம் எப்ப சரி?" என்று வாக்கெடுப்புப் போடுவேன். மூன்று பேர் அழுத்துவார்கள், ஒருவர் "பார்ப்பம்" என்பார், மற்றவரிடமிருந்து நீல டிக் மட்டும் வரும். எல்லோருக்கும் சரியான நாள் ஒன்று அகப்பட்டாலும் அதற்குள் ஒரு மரண வீடு, இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல். கதையில் எங்கள் ஆட்கள் காட்டுக்குள் இடிந்த கோயிலொன்றின் கருங்கல் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். மாரி தொடங்கமுன் தள்ளத் தொடங்கியது, இப்போது பெரும்போக நெல் வெட்டும் முடிந்துவிட்டது, கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவைத்த கொப்பியை எடுத்துப் பார்த்தால் எனக்கே பாதி விளங்கவில்லை.

குறூப்பைக் கலைக்க மனமில்லை. வாராவாரம் எல்லாம் வேண்டாம், மாதம் ஒன்று நடந்தாலே சந்தோஷம். குடும்பம் குட்டியோடு இதை ஒழுங்காக நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.


இருபதுமுகம் (கல்லடி):

தம்பி, முதலில் அந்த வாக்கெடுப்பை நிறுத்துங்கள். எப்ப சரி என்று கேட்டால் ஆறு பேருக்கும் சரியான நாள் ஒருநாளும் வராது. நாளை நீங்களே குறித்துவிட்டு "யார் வருகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மேசை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனி, இரவு ஏழு மணி, கல்லடியில் என் வீட்டு விறாந்தை. இதை யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்துவதில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியும், அதனால் அந்த இரவில் வேறு அலுவல் வைக்கமாட்டார்கள்.

அடுத்தது, எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்று முன்னரே முடிவு செய்யுங்கள். நான் கணக்குப் பாடம் படிப்பிக்கிற ஆள், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து வீரர்களும் தலைக்குப் பத்து ஆட்டத்தில் எட்டுக்கு வரக்கூடியவர்கள் என்று வைப்போம், அதுவே நல்ல வரவுதான். ஐந்து பேரும் ஒரே நாளில் வருவதற்கு 0.8 ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும், விடை சுமார் 33 சதவீதம். அதாவது எல்லோரும் வந்தால்தான் ஆட்டம் என்றால் மூன்றில் இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. மூன்று பேர் போதும் என்று வைத்தால் அதே ஆட்களோடு அதே கணக்கு 94 சதவீதத்துக்கு ஏறும். ஒருவர்கூடத் திருந்தத் தேவையில்லை, விதியை மாற்றினால் போதும்.

வராதவரின் பாத்திரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் மேசையில் அவர் கூடவே நடப்பார், பேசமாட்டார், சாகமாட்டார். அனுபவப் புள்ளியை நாங்கள் தூக்கிவிட்டோம், கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒன்றாக லெவல் ஏறும், வந்தவன் வராதவன் என்று இல்லை. "அப்ப வராமலே இருந்து லெவல் ஏத்தலாமே" என்று ஒருவன் கேட்டான். விளையாடுவதைத் தண்டனையாக நினைப்பவனை மேசையில் வைத்து என்ன செய்ய? புள்ளியை வெட்டினால் இரண்டு மாதம் தவறவிட்ட ஆள் மூன்றாம் மாதம் வெட்கத்தில் வரமாட்டார். நான் பார்த்தமட்டில் குறூப்புகள் உடைவது அந்த இடத்தில்தான்.


சம்மாந்துறையான் (அம்பாறை மாவட்டம்):

கணக்கு நல்ல கணக்கு சேர், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனிக் காரணத்துக்கு வராமல் விட்டால்தான் அந்த 94 நிற்கும். நம்ம பக்கத்தில் திருவிழா என்றால் பாதி மேசை ஒரேயடியாகக் காலி. எங்கள் மேசையில் முஸ்லிம் ஆட்கள் மூன்று பேர், காரைதீவுத் தமிழ் ஆட்கள் இரண்டு பேர். நோன்பு மாதத்தில் இரவு தராவீஹ் தொழுகை இருக்கிறது, பகலில் நோன்போடு நான்கு மணித்தியாலம் தொண்டை கிழியப் பூதம் மாதிரிக் கத்த டீஎம்முக்கு ஏலாது, அதனால் அந்த மாதம் மேசை மூடு. ஒவ்வொரு வருடமும் அது பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால் வருடத் தொடக்கத்திலேயே கலண்டரைப் பார்த்து அடைத்துவிடுவோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு என்றால் காரைதீவார் இரண்டு பேரையும் எதிர்பார்ப்பதே இல்லை. இவை எல்லாம் மேசையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விடுமுறை, அதனால் யாருக்கும் மனவருத்தம் வராது.

நாளுக்கு வருவோம். நாங்கள் பிடித்திருப்பது போயா தினம். இந்த நாட்டில் மாதம் ஒரு பூரணை கட்டாய விடுமுறை, வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. வங்கியும் பூட்டு, கச்சேரியும் பூட்டு, பள்ளிக்கூடமும் பூட்டு. வாவிக்கரைத் தம்பி, உங்கள் ஆட்களில் நான்கு பேரின் பிரச்சினை அதோடு தீர்ந்தது. காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிப்போம், போயா வெள்ளியில் விழுந்தால் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தொடங்குவோம். பகல் என்பதால் இரவு பஸ் தேடி அலையத் தேவையில்லை, கல்முனை ஆளுக்கும் அது உதவும். ஒரே குறை, இறைச்சிக்கடை பூட்டு. மீன் சமைத்தால் சரி.


டீச்சரக்கா (களுவாஞ்சிக்குடி):

மீன் சமைத்தால் சரியாம். யார் சமைக்கிறது?

இந்த இழையில் இதுவரை அதை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன். நானும் என் கணவரும் இரண்டு பேருமே விளையாடுகிறோம். முன்னர் ஒரு வீட்டில் ஆட்டம் நடந்தபோது அந்த வீட்டுப் பெண் பின்னேரம் முழுக்க பிளேன்டீ ஊற்றிக்கொண்டே நின்றார், பிறகு ஒரு மாதம் "இந்த முறை எங்கட வீட்ட வேணாம்" என்று தகவல் வந்தது, அதோடு அந்த மேசை முடிந்தது. டீஎம் நேரமில்லாமல் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்குத் தெரியும் அது தேநீரால் நின்றது. இப்போது எங்கள் ஒழுங்கு என்னவென்றால் வீட்டுக்காரர் சுடுதண்ணிப் போத்தல் மட்டும் வைப்பார், சாப்பாடு கட்டி வருவது வருகிறவர்கள், கோப்பை கழுவுவது அன்றைக்குத் தாயக்கட்டையில் அதிகமாக 1 போட்டவர். இந்தத் தண்டனை ஒன்றுதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

பிள்ளைகள் உள்ள வீடென்றால் இன்னொன்று. நாலு முகத் தாயக்கட்டை இருக்கிறதே, முக்கோணக் கூம்பு மாதிரி, சின்னது. தவழும் பிள்ளையின் வாய்க்கு அளவெடுத்துச் செய்த சாமான் அது. எங்கள் வீட்டில் டைஸ் எல்லாம் மூடியுள்ள மாஜரின் டப்பாவுக்குள்தான் உருளும், மேசையில் இல்லை.

நேரத்தையும் குறையுங்கள். டீ அன்ட் டீயின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து பேர் சண்டை ஒன்றுக்குள் இறங்கினால் ஒரு மணித்தியாலம் சும்மா போகும், அதனால் விடுதிக் காலத்து எட்டு மணிநேரக் கதையை இரண்டரை மணிக்குள் அடைக்க நினைத்தால் பாதியில் நிற்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு இடம், ஒரு சிக்கல், அதிகம் போனால் ஒரு சண்டை. கடையில் கயிறு வாங்குவது, லெவல் ஏற்றுவது, புதையலைப் பிரிப்பது, யார் யாரோடு கோபம் என்பது எல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கட்டும். சண்டையை மட்டும் வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள், ஒருவர் வாளை உருவிவிட்டு மூன்று நாள் பதில் போடமாட்டார்.


வாவிக்கரை (மட்டக்களப்பு):

அக்கா சொன்ன தேநீர் விஷயத்தை வாசித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். சிரித்தா, ஒன்றும் சொல்லவில்லை. விளங்கியது.

போயா யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம். தாதிக்குப் போயாவும் டியூட்டியாக இருக்கலாம், வயல்காரன் விதைப்புக்கும் வெட்டுக்கும் மாதக் கணக்கில் காணாமல் போவான், இவர்கள் இரண்டு பேரும் பாதிக் கதையைத் தவறவிட்டால் மற்றவர்களோடு எப்படி ஒட்டுவார்கள்? அத்தோடு கோயில் கதவுக்கு நடுவில் கதை நிற்கும்போது ஆள் மாறினால் எப்படிச் சமாளிப்பது? நேற்று அங்கே நின்றவன் இன்று எங்கே என்று நானே கேட்பேன். ஒன்லைனில் விளையாடினால் இதெல்லாம் தீருமா?


ஏறாவூர்ப்பொடியன்:

அண்ணே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு அமெரிக்கர் எப்போதோ வழி கண்டுவிட்டார். பென் ரொபின்ஸ் என்பவர் வெஸ்ட் மார்ச்சஸ் என்று ஒரு ஆட்டம் நடத்தினார், 2007 இல் அதைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதினார். அதில் நிரந்தர நேரமும் இல்லை, நிரந்தரக் கூட்டமும் இல்லை, ஒரே தொடர்கதையும் இல்லை. பத்துக்கு மேற்பட்ட வீரர்கள், பாதுகாப்பான ஊர் ஒன்று, ஊருக்கு வெளியே யாரும் போகாத காடு. எந்த நாள், யார் போவது, எந்தப் பக்கம் போவது என்று வீரர்களே கூடி முடிவெடுத்து டீஎம்முக்குச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியமுன் எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், அதனால் அடுத்த தடவை யார் வந்தாலும் ஊரிலிருந்து புறப்படலாம், நேற்று நின்றவன் எங்கே என்ற கேள்வியே எழாது. வராதவன் ஊரில் காய்ச்சலில் கிடந்தான் என்றால் முடிந்தது.

முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. நாளை வீரர்கள் குறிப்பது நம்ம ஆட்களிடம் வேலை செய்யாது, அது திரும்பவும் உங்கள் வாக்கெடுப்பில்தான் வந்து நிற்கும். ஊருக்குத் திரும்புகிற விதியை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஊரில் தொடங்கி ஊரில் முடியட்டும். வயல்காரருக்கும் தாதி அக்காவுக்கும் அதுதான் வசதி, நடந்ததை அன்று விளையாடினவர்களில் ஒருவர் குரல் பதிவாகக் குறூப்பில் போட்டால் வேலைக்குப் போகிற வழியில் கேட்டுக்கொள்வார்கள். டீஎம் அதைச் செய்யக் கூடாது, உங்களுக்கு ஏற்கனவே வேலை கூட.

ஒன்லைன் பற்றி: ரோல்20 என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே மேசை திறக்கலாம், டைஸ் உருட்டலாம், வரைபடம் போடலாம். நானும் கட்டாரில் இருக்கிற இரண்டு பேரோடு அப்படித்தான் விளையாடுகிறேன். ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்துகொண்டு ஒன்லைனுக்குப் போனால் ஆட்கள் பின்னால் கிரிக்கெட் ஓடவிட்டுக்கொண்டு "என்ன, என்ட முறையா?" என்று கேட்பார்கள். மாரியில் வெள்ளம் வந்து பாதை மறிக்கிற மாதம் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கமெரா தேவையில்லை, குரல் போதும், டேட்டாவும் மிச்சம்.


இருபதுமுகம் (கல்லடி):

பொடியன் சொன்னது சரி. கூத்துப் பழகிய காலத்தில் எங்கள் ஊரில் இப்படித்தான், ஒருவன் வரவில்லை என்றால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவன் பாட்டைத் தானே படித்துக்கொண்டு போவார், களரி நிற்காது.

இன்னொன்று, டீஎம்மும் மனிதன்தான். என் கணக்கில் உங்களை நான் சேர்க்கவில்லை. நீங்கள் வராத மாதம் 94 என்பது பூச்சியம். அதனால் இன்னொருவரிடம் ஒரே ஆட்டத்தில் முடிகிற கதை ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். விதிப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டால் பிரதி எடுக்கலாம், தமிழில் எழுதியும் கொடுக்கலாம். எங்கள் மேசையில் ஒவ்வொருவரிடமும் தமிழில் ஒரு பக்கம் இருக்கிறது, போட்டோக்கொப்பிதான். டைஸ் இல்லாத புது ஆள் வந்தால் ஒன்று முதல் இருபது வரை எழுதிய மட்டைத் துண்டுகளைக் கோப்பைக்குள் போட்டு எடுக்கச் சொல்வோம். சிரிக்காதீர்கள், 1979 இல் டைஸ் தட்டுப்பாடு வந்தபோது டீ அன்ட் டீயை அப்போது விற்ற கம்பனியே பெட்டிக்குள் எண் துண்டுகளைத்தான் வைத்து விற்றது.


வாவிக்கரை (மட்டக்களப்பு):

குறூப்பில் போட்டுவிட்டேன். வரும் போயா, காலை ஒன்பது, மூன்று பேர் வந்தால் ஆட்டம், சாப்பாடு அவரவர் கட்டி வர வேண்டும். வாக்கெடுப்பு இல்லை. கல்முனைக்காரன் முதல் ஆளாக "வாறன்" என்று போட்டான், 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறவன். புளியந்தீவில் நடந்து வரும் தூரத்தில் இருக்கிற வங்கிக்காரன் இன்னும் நீல டிக்கில் நிற்கிறான்.

கோயில் கதவை இந்த முறை திறந்து, முடிந்தால் அன்றைக்கே ஊருக்கும் கூட்டி வந்துவிடுவேன். தாதிக்கு அன்று பகல் டியூட்டி என்று ரோஸ்டர் வந்துவிட்டது. கதவைத் தள்ளித் தோள்மூட்டு விலகிக் கதையில் அவளுடைய பாத்திரம் வெளியே படுத்திருக்கிறது என்று சொன்னேன், "சரி, ஆனா என்ட கோடரியை யாரும் தொடக்கூடாது" என்று பதில் வந்தது.


டீச்சரக்கா (களுவாஞ்சிக்குடி):

கல்முனைத் தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் 40 கிலோமீற்றர் என்றால் கொஞ்ச நாளில் களைத்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை களுவாஞ்சிக்குடியில் வையுங்கள், இரண்டு பக்கத்துக்கும் இடைவழி. எங்கள் வீட்டு மேசை பெரிது. சுடுதண்ணிப் போத்தல் தருவேன், அவ்வளவுதான்.