ராத்திரி ஆனால் நெட் போய்விடுகிறது, உதவி தேவை

அரூர்_படிப்பு:
வணக்கம். வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது. பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரி ஆனால் போய்விடுகிறது. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் வேலை, ராத்திரிதான் வகுப்பு பார்க்க முடியும். மோடத்தை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்? அவசரம்.

கோவை_நெட்:
இது ராத்திரி நெரிசல்தான். ஜிபான் (பல வீடுகளுக்கு ஒரே இழையைப் பிரித்துக் கொடுக்கும் ஃபைபர் முறை) என்றால் ஒரு போர்ட்டில் வரும் 2.5 ஜிபிபிஎஸ்ஸை அதிலிருக்கும் எல்லா வீடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும். ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் இப்படித்தான் ஆகும். இணைப்பு கொடுத்தவரிடம், அவர் பெரிய நிறுவனத்திடமிருந்து வாங்கும் நெட் அளவைக் கூட்டச் சொல்லுங்கள்.

பச்சைமுனை:
முதலில் கனெக்டரை, அதாவது இழையை மோடத்தில் செருகும் முனையைப் பாருங்கள். பச்சை முனை சாய்வாகத் தீட்டியது, நீல முனை அப்படி இல்லை. இரண்டையும் மாற்றிக் கோத்திருந்தால் ஒளி நிறைய வீணாகும். கிராமத்து இணைப்புகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

மூத்த_லைன்மேன்:
தம்பி, இப்படி மொட்டையாகக் கேட்டால் ஆளுக்கொரு ஜோசியம்தான் சொல்வார்கள். வேகம் குறைகிறதா, அடியோடு நிற்கிறதா? மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது? இணைப்பு யாருடையது? எத்தனை மணிக்குப் போகிறது, எப்போது திரும்ப வருகிறது? இதைக்கூட எழுதாமல் அவசரம் என்று போட்டால் எப்படி? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது.

அரூர்_படிப்பு:
தம்பி இல்லை அண்ணா, தங்கை. அடியோடு நிற்கிறது. ஒன்பது மணி வாக்கில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும். காலையில் தானாக வந்துவிடும். உள்ளூர் கேபிள் டிவிக்காரர் கொடுத்த இணைப்பு.

கண்ணாடி_இழை:
எல்ஓஎஸ் சிவப்பு என்றால் நெரிசல் கணக்கில் வராது. நெரிசலில் வேகம்தான் குறையும், ஒளி நிற்காது. உங்கள் மோடத்துக்கு ஒளியே வரவில்லை என்றுதான் அந்த விளக்கு சொல்கிறது. பகலில் பிரவுசரில் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் ஆப்டிகல் பவர், அதாவது மோடத்துக்கு வரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளிலும் இதே நேரத்தில் போகிறதா?

பச்சைமுனை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒளி வராததற்குக் காரணம் கனெக்டர்.

கண்ணாடி_இழை:
கனெக்டர் தினமும் ஒன்பது மணிக்குக் கெட்டு, காலையில் தானாகச் சரியாகாது நண்பரே.

மலையடிவாரம்:
எதற்கு இத்தனை பாடு? கம்பியில்லாமல் 5ஜி சிக்னலில் நெட் தரும் ஏர் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. கிராமத்துக்குக் கம்பி இழுப்பது பழைய யோசனை.

கோவை_நெட்:
கோபுரத்திலிருந்து நேர் பார்வை இருந்தால் சரி. மலை மறைக்கும் ஊரில் என்ன செய்வது? அந்தக் கோபுரத்துக்கே பின்னால் ஃபைபர் வேண்டும். 2011இல் தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்து, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. அதை முடிப்பதுதான் வழி.

மலையடிவாரம்:
இலக்கு வைத்து எத்தனை வருடம் ஆயிற்று? எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டது, உள்ளே பெட்டியும் இருக்கிறது. அங்கிருந்து தெருவுக்கு இன்னும் வரவில்லை. அலுவலகத்துக்கு வந்ததை வைத்து ஊருக்கு வந்துவிட்டதாக எழுதிக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கோவை_நெட்:
அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதற்குத் தீர்வு அங்கிருந்து வீடுகளுக்கு இழுப்பது, ஃபைபரையே கைவிடுவது இல்லை. 2023 வரை நம் நாட்டில் 512 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட். அந்த வருடம்தான் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று ஆக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை ஒழுங்காகப் பார்க்க முடியுமா?

மூத்த_லைன்மேன்:
இருவரும் தனிப் பதிவு தொடங்கிச் சண்டை போடுங்கள். அந்தப் பெண் கேட்டது என்ன, நீங்கள் பேசுவது என்ன?

அரூர்_படிப்பு:
மைனஸ் 21 என்று காட்டுகிறது. தெரு முழுக்க ஒரே நேரத்தில்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பகலிலும் இருக்காது, அது எப்போதும் அப்படித்தான்.

கண்ணாடி_இழை:
அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றே முடித்திருக்கலாம்! மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட ஒளி குறைவு; மைனஸ் 27 வரை இந்த வகை மோடம் தாங்கும், ஆக உங்கள் இழையில் குறை இல்லை. வழியில் ஒளியை வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. மின்சாரம் கேட்பது ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிதான். அதைக் கேபிள்காரர் எங்கே வைத்திருக்கிறார்? ராத்திரியும் ஞாயிறும் பூட்டிக் கிடக்கும் இடமா?

அரூர்_படிப்பு:
உரக்கடை மாடியில். கடை எட்டு மணிக்குச் சாத்துவார்கள், ஞாயிறு லீவு.

கண்ணாடி_இழை:
கடைக்காரர் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை இறக்குகிறாரா என்று கேளுங்கள். உள்ளே சின்ன யுபிஎஸ் இருந்தால் அதில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான் இருக்கும், மொத்தமே 84 வாட் மணி. சின்ன ஓஎல்டியும் ஸ்விட்சும் சேர்ந்து 50 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதே பெரிது. எட்டுக்குச் சாத்தினால் ஒன்பதுக்குப் போகிறது.

பச்சைமுனை:
எதற்கும் கனெக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரூர்_படிப்பு:
கேட்டேன். ஷார்ட் சர்க்யூட் பயத்தில் மெயினை இறக்கிவிட்டுத்தான் போகிறாராம். நேற்று மட்டும் இறக்காமல் விட்டார், விடியும் வரை நெட் இருந்தது. கேபிள் அண்ணன் பேசிப் பார்க்கிறேன் என்றார். எல்லாருக்கும் நன்றி. வகுப்புக்கு நேரமாகிறது.

மூத்த_லைன்மேன்:
கடைக்காரர் பயம் நியாயமானது தங்கை. உரக் கிடங்கு அது, மெயினை விட்டுவைக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மீட்டர் பலகையிலிருந்து மாடிக்கு மட்டும் தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) போட்டு ஒரு லைன் இழுக்கச் சொல்லுங்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மின்வெட்டைச் சமாளிக்க 100 ஏஎச் பேட்டரியும் இன்வர்ட்டரும் வைத்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும். செலவு கேபிள்காரருடையது, மாதக் கட்டணம் வாங்குபவர் அவர்தான். தெருவில் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.